சீர் ஒழிப்பு வெள்ளியங்கிரி

கட்டிங் மாஸ்டர் வெள்ளியங்கிரிக்குத் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தீர்மானம்தான் தோன்றியது. அதுவும் ஒரு தேங்காய் பன்னைப் பார்த்தபோது தோன்றியது. அந்தத் தீர்மானத்தால் அவருக்கு ஓர் அடைமொழியும், மூன்று வீட்டு மனத்தாங்கலும், இல்லாத ஒரு வயிற்று நோயும் வந்து சேர்ந்தன. நல்லூரில் அவரை அறிந்தவர்கள் நல்ல மனுசர் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

1961இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் மறந்து வைத்துவிட்டு வந்த சோற்றுத் தூக்குப்போசியை எடுக்கப் போனார். அப்போது அவருக்கு முப்பது வயது. செங்கோட்டையனின் பனியன் கம்பெனியில் ஆறு வருசமாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போனால், கட்டிங் மேஜையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி செங்கோட்டையன் ஒரு முக்காலியில் இருக்கிறார். அவருடைய கைவைத்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

"வாங்க தோழர், உக்காருங்க" என்றார் செங்கோட்டையன்.

வெள்ளியங்கிரி பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"உங்களத்தானுங்க. அந்த நாற்காலில உக்காருங்க."

ஆறு வருசத்தில் அந்த மனிதர் எதிரே ஒரு துணி மூட்டையின் மேல்கூட வெள்ளியங்கிரி உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் நுனியில், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர்போல் ஒட்டிக்கொண்டார். முதலாளியே எழுந்து வந்து டீ கிளாசைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு அவர்கள் கடவுள் உண்டா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "நீங்க என்ன நெனைக்கறீங்க தோழர்?" என்று கேட்டுவிட்டு ஏழு பேரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"அது... நீங்க பாத்து எப்படிச் சொன்னாலும் சரிங்க மொதலாளி."

"மொதலாளியெல்லாம் நாளைக்குங்க. ஞாயித்துக்கெழம நானும் உங்களாட்டத் தோழர்தான்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி பூவாத்தாளிடம் அவர் கடவுளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைப் பற்றிச் சொன்னார். கைவைக்கும் கட்டை தேய்ந்து வழவழப்பாக இருந்தது என்றும், கையை வைத்தால் எடுக்கவே தோன்றவில்லை என்றும் சொன்னார்.

"தூக்குப்போசி எங்கீங்க?" என்றாள் பூவாத்தாள்.

அதை மறுபடியும் மறந்துவிட்டு வந்திருந்தார். எடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார். அப்படித்தான் அவர் சமநோக்குச் சிந்தனை மன்றத்தில் உறுப்பினரானார்.

மன்றம் எந்தக் கட்சியையும் சேராதது. எந்தக் கட்சியும் அதைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. பன்னிரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். அதில் பத்துப் பேர் செங்கோட்டையன் கம்பெனிக்காரர்கள். ராகு காலம் பார்ப்பதில்லை, சகுனம் பார்ப்பதில்லை, விபூதி பூசுவதில்லை, வயது வித்தியாசம் இல்லாமல் தோழர் என்று கூப்பிடுவது என்பதெல்லாம் விதிகள். நாற்காலி முறைவைத்து வாரம் ஒருவருக்கு வரும். தம் முறைக்கு வெள்ளியங்கிரி வெளுத்த வேட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போவார். விபூதியை விட்ட முதல் வாரம் நெற்றியில் ஏதோ காற்றடிப்பதுபோல் இருந்ததாம். பிறகு பழகிவிட்டது. கொள்கை என்பது அவருக்கு அப்படித்தான் ஏறியது. முதலில் உட்காரும் இடம், பிறகு சேர்ந்து குடிக்கும் டீ, பிறகு நாம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க நாலு பேர். அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் நியாயமாகத்தான் படும்.

மன்றத்தில் அவருக்கு நெருக்கமானவர் சேக் தாவூது. கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவர். வெள்ளியங்கிரி வெட்டுவதை அவர்தான் தைப்பார். மற்ற நாளில் இவருக்கு அவர் பாய், அவருக்கு இவர் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை இருவரும் தோழர்கள். தாவூது வெள்ளிக்கிழமை தவறாமல் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மன்றத்துக்கு வருவார். இது சரியா என்று விவாதிக்க வேண்டுமென்று மன்றத்தில் பலமுறை நினைத்தார்கள். ஆனால் சத்தமாகப் பத்திரிகை படித்துக் காட்டக் குரல் உள்ள ஆள் அவர் ஒருவர்தான். அதனால் அந்த விவாதம் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

மன்றத்தில் ஒரு பழக்கம் இருந்தது. புதுத் தீர்மானம் கொண்டுவருகிற தோழருக்கு அன்று டீயோடு ஒரு தேங்காய் பன் கிடைக்கும். மற்றவர்களுக்கு வெறும் டீ. ஐந்து வருசத்தில் பதினொரு பேரும் பன் தின்றுவிட்டார்கள். தும்மினால் உட்கார்ந்துவிட்டுப் போகக்கூடாது என்று தாவூது ஒரு தீர்மானம் கொண்டுவந்து தின்றார். பூனை குறுக்கே போனால் பூனையைத்தான் எச்சரிக்க வேண்டும் என்று பேக்கிங் பார்ப்பவர் கொண்டுவந்து தின்றார். வெள்ளியங்கிரி மட்டும் ஒவ்வொரு வாரமும் அடுத்தவர் பன்னைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்.

பின்னிய துணி வந்தால் உடனே வெட்டமாட்டார் வெள்ளியங்கிரி. மேஜையில் விரித்து ஒரு நாள் ஆறப் போடுவார். இழுபட்ட துணி தன் சுபாவத்துக்கு வந்த பிறகுதான் கத்திரியை வைப்பார். அவசரம் என்று செங்கோட்டையனே வந்து நின்றாலும் கேட்கமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் 1966 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் யோசிக்காமல் எழுந்து நின்றார்.

"சீர் செஞ்சு நடத்தற கல்யாணத்துல, நம்ம தோழர்க ஆரும் பந்தலுக்குள்ள கால் வெக்கக் கூடாதுங்க. வெச்சா, மன்றத்துல இருந்து பேர எடுத்தர்றதுங்க."

சபை அசந்துபோய்விட்டது. இவ்வளவு கனமான தீர்மானம் இவரிடமிருந்து வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் இரண்டு நாள் சீர்; சடங்குக்கு அங்கே அதுதான் பேர். அருமைக்காரர் என்று ஒரு பெரியவர் முன்னின்று ஒவ்வொரு சீராக நடத்துவார். ஒன்று விட்டால் கல்யாணம் சேராது என்பார்கள். அதன் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார் வெள்ளியங்கிரி.

"எங்க நிக்காஹுக்கும் இது சேருமுங்களா?" என்று தாவூது கேட்டார்.

"அத அடுத்த மாசம் பேசிக்கலாமுங்க" என்றார் தலைவர் செங்கோட்டையன்.

ஏகமனதாக நிறைவேறியது. பன் வந்தது. சாப்பிட்டார்.

அந்த நேரத்தில் கணியூரில் இருக்கும் அக்காள் ராமாத்தாளின் மகள் பழனாயிக்குப் பதினாறு வயது நடந்துகொண்டிருந்தது என்பதும், அவளுக்குத் தாய்மாமன் தாம் ஒருவர்தான் என்பதும் அவருக்குத் தெரியாமலில்லை. நினைப்பு வரவில்லை. அவ்வளவுதான்.

தீர்மானம் அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. ஊத்துக்குளியில் ஒரு கூட்டம், அவிநாசியில் ஒரு கூட்டம். மேடையில் உட்காரவைத்து, "அடுத்து, சீர் ஒழிப்பு வெள்ளியங்கிரி அவர்கள்" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து மூன்று வாக்கியம் பேசுவார். எல்லா ஊரிலும் அதே மூன்று வாக்கியம். கைதட்டுவார்கள். ஒரு துண்டு போர்த்துவார்கள். பூவாத்தாள் அந்தத் துண்டுகளை வாங்கி வாங்கி அரிசி மூட்டைக்கு அடியில் விரித்தாள்.

துண்டு வந்துகொண்டிருக்க, கல்யாணமும் வந்துகொண்டிருந்தது. பூவாத்தாளின் தங்கை கல்யாணம் முதலில் வந்தது. போகவில்லை. சித்தப்பா மகன் கல்யாணத்துக்கும் போகவில்லை. கொமரலிங்கத்தில், இவரைத் தோளில் போட்டு வளர்த்த மாமனுடைய மகன் கல்யாணம் வந்தது. அன்று காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார், போகவில்லை. முதல் கல்யாணத்துக்குப் போகாதது கொள்கைக்காக. மூன்றாவதற்குப் போகாதது முதல் இரண்டுக்குப் போகாததற்காக.

பூவாத்தாள் மூன்றுக்கும் தனியாகப் போனாள். தங்கை கல்யாணத்தில் ஒரு பெரியம்மா, "மாப்ள எங்க கண்ணு?" என்று கேட்டதும், பொய் சொல்ல வேண்டுமென்று நினைக்காமலே, "வயித்தாலைங்க" என்று வாயில் வந்துவிட்டது. இரண்டாவது கல்யாணத்தில், "இன்னும் நிக்கலையா?" என்று கேட்டார்கள். "நிக்கறாப்பல நின்னு மறுக்காப் புடிச்சுக்குதுங்க" என்றாள். மூன்றாவதில் அவளே நேரம், நிறம் என்று விவரம் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் மேடையில் சீர் ஒழிப்பு வெள்ளியங்கிரி, சொந்தத்தில் வயித்தால வெள்ளியங்கிரி. ஊர் ஊராக மாதுளம்பிஞ்சும் ஓமமும் வந்தன. கொமரலிங்கத்து மாமன் ஒரு வைத்தியரையே அனுப்பிவைத்தார். அவர் எதிரே உட்கார்ந்து, பொட்டணத்தைப் பிரித்து, தேனில் குழைத்துக் கொடுத்தார். முழுங்குகிற வரைக்கும் போகவில்லை. அன்றைக்குத்தான் வெள்ளியங்கிரிக்கு நிஜமாகவே வயிற்றாலை ஆனது.

"நான் சீர ஒழிக்கறவன்னு சொல்றதுக்கு உனக்கென்ன கேடு?" என்று மனைவியிடம் சத்தம் போட்டார்.

"சொன்னா, இவளக் கட்டுனவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சும்பாங்க. வயித்தாலைன்னா பாவம்பாங்க. எனக்கு எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

1968 வைகாசி பிறப்பதற்கு முன்பே ராமாத்தாள் தாம்பூலத் தட்டோடு நல்லூருக்கு வந்து இறங்கினாள். தம்பியைவிட எட்டு வயது மூத்தவள். தாய் இல்லாத வீட்டில் இவரை வளர்த்தவள்.

"வாங்க நங்கையா" என்று பூவாத்தாள் தண்ணீர் கொடுத்தாள்.

ராமாத்தாள் குடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா, வயிறு எப்படி இருக்குது?"

"வயித்துக்கு என்னக்கா, நல்லாத்தான் இருக்குது."

"எனக்குத் தெரியாதா? வேகாத கொள்ள ஒரு படி தின்னுட்டு மாடு மேய்க்கப் போனவன் நீ. ஊரு நம்பும், நான் நம்புவனா? பழனாயிக்கு வர்ற இருவத்தி மூணாந்தேதி கல்யாணம். பட்டம் கட்ட நீ வரோணும்."

பட்டம் என்பது மெல்லிய தங்கத் தகடு. கல்யாணப் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் அதை நூலால் கட்ட வேண்டும். கட்டிய பிறகுதான் பெண் மணவறைக்கு வருவாள். மாமன் இல்லாவிட்டால் மாமன் முறையில் இருக்கிற பங்காளி கட்டலாம். இவர்களுக்கு இருந்த ஒரே பங்காளி பெரியப்பா மகன் ஆறுச்சாமி. ராமாத்தாளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "புள்ளைக்கு ஒரு காது மந்தமுங்க" என்று சொல்லி இரண்டு இடத்தைக் கலைத்தவர். அதை அவர் சொன்னபோது ராமாத்தாள் பக்கத்து அறையில் இருந்தாள். இரண்டு காதாலும் கேட்டாள். அன்றிலிருந்து அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

"அக்கா, மன்றத்துல ஒரு தீர்மானம் இருக்குது..."

"ஆரு போட்டது?"

"நாந்தான்."

"அப்ப நீயே எடுத்துப் போடு."

"அப்படியெல்லாம் எடுக்க முடியாதுக்கா. ஏகமனதா நெறவேறியிருக்குது."

ராமாத்தாள் தட்டை நீட்டினாள். "நீ வரலீன்னா ஆறுச்சாமிதான் கட்டுவான். என்ற மக நெத்தியில அவன் கை படோணும்னு இருந்தாப் படட்டும். அதுக்கப்பறம் எனக்குக் கூடப் பொறந்தவன்னு ஒருத்தன் இல்லை. உன்ற பன்னெண்டு அண்ணந்தம்பிங்களோட நீ நல்லா இரு."

"நம்மகூடப் பதிமூணு நாளைக்கு மேல பேசாம இருந்ததில்ல அக்கா" என்று வெள்ளியங்கிரி பிறகு மனைவியிடம் சமாதானம் சொன்னார்.

"இந்தத் தடவ நான் வயித்தாலைன்னு சொல்லமாட்டனுங்க" என்றாள் பூவாத்தாள். "செத்துப் போயிட்டாருன்னு வேணாச் சொல்றேன்."

மன்றத்தில் விலக்குக் கேட்கலாம். ஆனால் தம் தீர்மானத்துக்குத் தாமே விலக்குக் கேட்டு எழுந்து நிற்பதை நினைத்தாலே அவருக்குக் காது சூடாகியது. டீ நேரத்தில் சேக் தாவூது ஒரு யோசனை சொன்னார்.

"மாஸ்டர், பந்தலுக்குள்ளதானுங்க கால் வெக்கக் கூடாது? பொண்ண வெளில வரச்சொல்லிக் கட்டிப்போட்டு வந்திருங்க."

வெள்ளியங்கிரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பூவாத்தாள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "வெளில இழுத்துட்டு வந்து கட்டறதுக்கு அதென்ன எருமக்கன்னாங்க?"

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பூவாத்தாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கணியூருக்குப் போய்விட்டாள். வெள்ளியங்கிரி போவதில்லை என்று முடிவு செய்து, மறுநாள் காலை வழக்கம்போல் கம்பெனிக்கு வந்து துணியை விரித்தார். பதினொரு மணிக்கு வாசலில் ஆறுச்சாமி வந்து நின்றார். புது வேட்டி, புதுத் துண்டு. தலைமுடி வெட்டி, மீசையை ஒதுக்கியிருந்தார்.

"திருப்பூருல துணி எடுக்க வந்தனுங்க தம்பி. அப்படியே உங்களப் பாத்துட்டுப் போலாம்னு" என்றார். குரலில் அவ்வளவு கனிவு. "உங்களுக்கு முடியலீன்னு அல்லாருஞ் சொல்லிக்கறாங்க. நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதீங்க. பட்டத்த நானே கட்டீர்றேன். ராமாத்தாளும் பாவம், காது கேக்காத புள்ள, ஆரு இருக்கறா அவளுக்கு?"

வெள்ளியங்கிரி விரித்த துணியையே நீவிக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி போனதும் கத்திரியை எடுத்தார். அன்று தொண்ணூறு அளவில் வெட்ட வேண்டிய துணியில் பதினெட்டுத் துண்டை எண்பதில் வெட்டினார். தாவூது துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேஸ்ட் மூட்டைக்கு அடியில் செருகிவைத்தார்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் வெள்ளியங்கிரி உடுமலைக்குப் போய், அங்கே பஸ் மாறிக் கணியூரில் இறங்கியபோது ஏழரை மணி. பந்தலின் ஓரம்வரை வந்தார். அங்கே நின்றார். செருப்புகள் குவிந்திருந்த இடத்தில், தாமும் ஒரு செருப்பைப்போல் நின்றார். ஒரு கால் முன்னே போகும், பின்னே வரும்.

சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். "மாப்ள வந்துட்டாருங்க! இந்த வயித்த வெச்சுட்டு இத்தன தூரம் வந்திருக்கறாரு பாருங்க" என்று ஒருவர் நெகிழ்ந்துபோனார். இவர் காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்த கொமரலிங்கத்து மாமன், பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "கூச்சப்படாதீங்க மாப்ள. கெணத்துக்கு அக்கட்ட மறைவா எடம் இருக்குது. தண்ணி கொண்டாரச் சொல்லட்டுமா?"

"அதுக்கில்லீங்க மாமா."

"இதுல என்ன வெக்கம்?"

உள்ளே பெண்ணை உட்காரவைத்துவிட்டார்கள். அருமைக்காரர், "மாமனெங்கப்பா, மாமன்?" என்று கூப்பிட்டார். ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தட்டை வைத்துக்கொண்டு நின்ற ராமாத்தாள் யாரையும் பார்க்கவில்லை. தட்டிலிருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளியங்கிரி உள்ளே போனார். எப்படிப் போனார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. மிதித்த செருப்புகளில் ஒன்று காலோடு வந்துவிட்டது என்று பூவாத்தாள் சொன்னாள். ஆறுச்சாமியைத் தாண்டிப் போய்த் தட்டிலிருந்த பட்டத்தை எடுத்தார். கட்டிங் மாஸ்டரின் கண் அல்லவா, நெற்றியின் நடுவை ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். நூலை இறுக்கிப் பின்தலையில் முடிச்சுப் போட்டார். பழனாயி வலியில், "மெதுவாங்க மாமா" என்றாள். ராமாத்தாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். அவ்வளவுதான். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் மட்டும் அவருக்கென்று தனியாகக் குழைந்த சோறும் மோரும் அனுப்பிவைத்தாள்.

"எனக்கு வயிறு நல்லாத்தானுங்க இருக்குது. பருப்பு போடுங்க, நெய் ஊத்துங்க" என்று கெஞ்சினார்.

"அவரு அப்படித்தானுங்க சொல்லுவாரு. கேக்காதீங்க" என்றாள் பின்னால் நின்ற பூவாத்தாள். ராமாத்தாள் அப்போதுதான் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மன்றத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கணியூருக்குப் போய்ப் பார்த்துவந்து சொல்ல ஆள் இல்லை. "பேசாம இருந்துக்கங்க மாஸ்டர். உங்க நெத்தியிலயா எழுதியிருக்குது?" என்று தாவூது வாசலிலேயே சொன்னார். வெள்ளியங்கிரி உள்ளே போய், உட்காராமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தோழர்களே, போன வியாழக்கெழம நான் சீர்க் கல்யாணத்துல பந்தலுக்குள்ள கால் வெச்சனுங்க. பட்டமும் கட்டினேன். தீர்மானப்படி என்ற பேர எடுத்துருங்க."

யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு முதல் அடி. செங்கோட்டையன் மிகவும் சாந்தமாக, "மனுசன்னா அப்படி இப்படி இருக்கறதுதானுங்க தோழர். மன்றம் இதப் பெருசு பண்ணாது" என்றார். அவருடைய தம்பி மகனுக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். அதற்கு அவர் எப்படிப் போவது என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

பேக்கிங் பார்ப்பவர் தொண்டையைச் செருமினார். "சொல்லப்போனா, நானும் போன வருசம் மச்சினன் கல்யாணத்துக்குப் போனனுங்க. வாசல் வரைக்குந்தான்."

"வாசல்லயே எல போட்டாங்களாக்கும்?" என்றார் இன்னொருவர்.

"உங்களையும் ரெண்டாவது பந்தியில பாத்தனுங்களே தோழர்!"

பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். ஒருவர் பெண் வீட்டு வழி, ஒருவர் மாப்பிள்ளை வீட்டு வழி. ஒருவர் தாமே முன்னின்று தம் மகனுக்கு எல்லாச் சீரும் செய்திருந்தார். வேலைக்கு மட்டும் காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்திருந்தார். சீர் செய்கிற வீட்டுத் தோழர்களில், இரண்டரை வருசமாகத் தீர்மானத்தை மீறாதவர் தீர்மானம் போட்டவர் ஒருவர்தான். அவரும் போன வியாழக்கிழமை மீறிவிட்டார். எல்லாருக்கும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. சிரித்துக்கொண்டார்கள்.

"அப்ப இந்தத் தீர்மானத்தையே ரத்துப் பண்ணீர்லாமுங்க" என்றார் செங்கோட்டையன். "ஆகுமுங்களா?"

"ஆகாதுங்க!" என்று கத்தினார் வெள்ளியங்கிரி. அந்தக் கட்டடத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "ரத்துப் பண்ணீட்டா, நான் போகாத மூணு கல்யாணம் என்னாகறதுங்க? எங்க மாமன் என்னைய எடுத்து வளத்தவருங்க. அவரு மகன் கல்யாணத்தன்னிக்கு நான் ஊட்ல செவுத்தப் பாத்து உக்காந்திருந்தேன். அது எதுக்குங்க? சும்மாவா?"

வெள்ளியங்கிரி மேஜையைத் தட்டினார்.

"ஒண்ணு, அல்லாரு பேரையும் எடுங்க. இல்லீன்னா என்ற பேர எடுங்க. தீர்மானம் இருக்கோணும்."

"அல்லாரு பேரையும் எடுத்துட்டா மன்றத்துல ஆருங்க இருப்பாங்க?"

"நான் இருப்பனுங்க" என்றார் சேக் தாவூது. "நான் ஒரு சீருக்கும் போகலை."

மேடையில் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசியறியாத வெள்ளியங்கிரி அன்று அரைமணி நேரம் பேசினார். தம்மை ஏன் நீக்க வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகப் பேசினார். அவர் பேசியதில் அதுதான் சிறந்த பேச்சு என்பார்கள். கடைசியில், இவரை வேறு எப்படியும் உட்காரவைக்க முடியாது என்று தெரிந்து, செங்கோட்டையன் ஓட்டுக்கு விட்டார். ஏகமனதாக இருக்க வேண்டும் என்பது விதி. முதல் கை வெள்ளியங்கிரியுடையது. பிறகு ஒவ்வொன்றாகப் பத்துக் கை எழுந்தது. தாவூது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கையத் தூக்குங்க தோழர்."

"மாட்டனுங்க."

"தூக்குங்க பாய். உங்களால கெட்டுப்போகுதுங்க எல்லாம்."

"ஏழு வருசமா நீங்க வெட்டினத நான் தெச்சுட்டிருக்கறேன். இத நீங்களே வெட்டுங்க, நான் தெக்கமாட்டேன்."

வெள்ளியங்கிரி பக்கத்தில் போய் நின்றார். கெஞ்சினார். பிறகு திட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூக்கிய கை இன்னும் தூக்கியபடியே இருந்தது, மறந்துபோயிருந்தார். அந்தக் கையைத் தாவூது பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, காதைச் சொறிகிறவர்போல் கையைக் காதுவரை தூக்கினார். போதும் என்று எழுதிக்கொண்டார்கள்.

பேர் போனதில் பூவாத்தாளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இனிமேல் ஊர் உலகத்து மனுசரைப்போல் நாலு நல்லது கெட்டதுக்குப் போய்வரலாம் என்று ஒரு சேலையைத் துவைத்து மடித்து வைத்தாள். ஆனி போய் ஆடி போனது. ஆவணி பிறந்ததும் செங்கோட்டையனே மனைவியோடு தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு வெள்ளியங்கிரி வீட்டு வாசலுக்கு வந்தார். தம்பி மகன் கல்யாணம். எல்லாச் சீரும் உண்டு.

"குடும்பத்தோட வந்திரோணுமுங்க மாஸ்டர்."

வெள்ளியங்கிரி எழுந்து நின்று கும்பிட்டார். ஆனால் தட்டுக்குக் கை நீட்டவில்லை.

"மன்னிக்கோணுமுங்க. நான் வர முடியாதுங்க."

"அட, உங்க பேரத்தான் எடுத்தாச்சுங்களே. இப்ப என்ன தடைங்க?"

"பேரத்தானுங்க எடுத்தீங்க. தீர்மானம் அப்படியே இருக்குதுங்களே. நம்ம மன்றத்துத் தீர்மானத்த நாமளே மதிக்கலீன்னா எப்படீங்க?"

நம்ம மன்றம் என்றார். மன்றத் தலைவர் தட்டை ஏந்தியபடி நின்றார். அவர் மனைவி அவரைப் பார்த்தாள். பூவாத்தாள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தட்டை வாங்கிக்கொண்டாள்.

"நான் வர்றனுங்க. அவரு கெடக்கறாரு."

கல்யாணத்தன்று கம்பெனிக்கு லீவு. வெள்ளியங்கிரி முந்தின நாளே சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் தனியாகப் போய்க் கதவைத் திறந்தார். ஆறப் போட்டிருந்த துணியைத் தடவிப் பார்த்துவிட்டு வெட்ட ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் நாற்பது டஜன் வெட்டி அடுக்கிவிட்டார். ஒரு துண்டுகூட நூல் பிசகவில்லை என்று மறுநாள் சேக் தாவூது எல்லாரிடமும் எடுத்து எடுத்துக் காட்டினார். அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பாயசம் நன்றாக இருந்ததாம்.